கிணற்றடியில் இரண்டு காலங்கள்: ‘இனுயாஷா’ தொடரின் பலமும் பலவீனமும்

டோக்கியோவில் ஒரு பழைய ஷிந்தோ ஆலயம். அதன் வளாகத்தில், கூரையும் கதவும் போட்டு மூடிவைத்த ஒரு பாழுங்கிணறு. ஆலயத்தைப் பராமரிக்கும் குடும்பத்தின் மகள் ககோமே ஹிகுராஷிக்கு அன்று பதினைந்தாவது பிறந்தநாள். பூனையைத் தேடிக் கிணற்றறைக்குள் இறங்குகிறாள். கிணற்றை மூடியிருந்த பலகைகள் பிளக்கின்றன. பெண்ணின் உடலும் பூரானின் வாலும் கொண்ட ஓர் உரு அவளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனிடமிருந்து தப்பி அவள் மேலே ஏறி வந்தால் ஆலயம் இல்லை, வீடு இல்லை, நகரமே இல்லை. சுற்றிலும் காடு. தினமும் வீட்டு முற்றத்தில் பார்த்த புனித மரம் மட்டும் அங்கேயும் நிற்கிறது. அதன் அடிமரத்தில், மார்பில் அம்பு தைத்தபடி, ஐம்பது ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருக்கிறான் வெள்ளை முடியும் நாயின் காதுகளும் கொண்ட ஓர் இளைஞன்.

2000 அக்டோபர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘இனுயாஷா’ இப்படித் தொடங்கியது. ருமிகோ தகஹாஷி 1996 நவம்பரிலிருந்து ‘ஷோனென் சண்டே’ வார இதழில் எழுதி வரைந்துவந்த மாங்காவை சன்ரைஸ் நிறுவனம் அனிமேயாக்கியது. மாங்கா 2008 ஜூனில் 558 அத்தியாயங்களோடு முடிந்து 56 தொகுதிகளாக வந்தது. அனிமே 2004 செப்டம்பர் வரை 167 பகுதிகள் ஓடி, பாதியில் நின்று, 2009-10இல் ‘இறுதி அங்கம்’ என்ற பெயரில் இன்னும் 26 பகுதிகளோடு நிறைவு பெற்றது. 2002 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகி, அங்கே ஒரு தலைமுறையே இதைப் பார்த்து வளர்ந்தது. காலப்பயணத்தையும் மாய உலகையும் ஒன்றாக்கிய அனிமேக்களில் இந்த அளவுக்குப் பரவலாகப் பார்க்கப்பட்டவை குறைவு.

இந்தத் தொடரைப் புகழ்பவர்கள் அதன் காதலையும் சண்டைகளையும் சொல்வார்கள். குறை சொல்பவர்கள் நீளத்தைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் முழுத் தொடரையும் இரண்டாம் முறை பார்த்தபோது எனக்கு வேறொன்று தெளிவானது. கதை அந்தக் கிணற்றுக்கு அருகில் இருக்கும்போதெல்லாம் உயிரோடு இருக்கிறது. கிணற்றை மறந்து விலகிப்போகும்போது, எத்தனை வாள்வீச்சு இருந்தாலும், சோர்ந்துபோகிறது. இதன் பலம், பலவீனம் இரண்டையும் அந்தக் கிணற்றடியில் நின்றே அளந்துவிடலாம்.

கிணறு என்பது தகஹாஷியின் தனிக் கற்பனை அல்ல. ஜப்பானிய மரபில் கிணறு வேறு உலகத்துக்கு வாசல். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞரும் அரசவை அதிகாரியுமான ஓனோ நோ தகாமுரா, பகலில் பேரரசரிடம் பணிசெய்துவிட்டு, இரவில் கியோத்தோவின் ரொகுதோ சின்னோஜி கோயில் கிணற்றில் இறங்கி, எமனாகிய என்மாவின் சபையில் உதவியாளராக இருந்தார் என்று ஒரு தொன்மம் உண்டு. பகலில் ஓர் உலகில் உத்தியோகம், இரவில் இன்னொரு உலகில் கடமை. ககோமேயின் வாழ்க்கையும் அதேதான். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரத்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய போர்க்காலம். அந்தக் காலத்து ஊர்மக்கள் இதை எலும்புண்ணும் கிணறு என்கிறார்கள். கொன்ற யோகாய்களின் உடலை அதில் போட்டால் சில நாளில் காணாமல் போய்விடும். பூதம், பிசாசு, உருமாறும் விலங்கு என்று நாம் தனித்தனியாகச் சொல்லும் பலவற்றை ஜப்பானியர் யோகாய் என்ற ஒரே சொல்லில் அடக்குகிறார்கள். அந்த எலும்புகள் எங்கே போகின்றன என்பதற்கு முதல் காட்சியிலேயே விடை வந்துவிடுகிறது.

காலம் பற்றிய ஜப்பானியக் கதைகளில் மிகப் பழையது உராஷிமா தாரோவின் கதை. 720இல் தொகுக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’யிலேயே அதன் குறிப்பு இருக்கிறது. கடலடி உலகத்துக்குப் போன மீனவன் சில காலம் இன்பமாக இருந்துவிட்டு ஊர் திரும்பினால், இங்கே நூற்றாண்டுகள் கழிந்திருக்கும். தெரிந்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. அங்கே காலம் மனிதனைத் தண்டிக்கிறது. ‘இனுயாஷா’வில் தகஹாஷி இதைத் தலைகீழாக்குகிறார். இரண்டு காலங்களும் அருகருகே, ஒரே வேகத்தில் ஓடுகின்றன. அங்கே ஓர் இரவு கழிந்தால் இங்கேயும் ஓர் இரவு. வாரம் முழுக்க அங்கே தங்கினால் இங்கே ஒரு வாரப் பாடம் போய்விடும். உராஷிமாவுக்குக் கிடைத்த தண்டனை ககோமேக்கு இல்லை. அவளுக்குக் கிடைப்பது களைப்பு. இரண்டு வீட்டுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு எங்கும் முழுமையாக இருக்க முடியாதவளின் களைப்பு.

இந்தத் தொடரின் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான். காலப்பயணக் கதைகளில் பெரும்பாலானவை காலத்தை ஒரு புதிராக வைக்கின்றன. 2011இல் வந்த ‘ஸ்டெயின்ஸ்;கேட்’ தொடரில் அறிவியல் முடிச்சு. 2016இல் வந்த ‘ரீ:ஜீரோ’வில் செத்துச் செத்துத் திரும்பி வந்து பிழைதிருத்தும் வேதனை. யசுதாகா த்ஸுத்ஸுயியின் ‘காலத்தைத் தாவும் சிறுமி’ நாவலும், 2006இல் மமோரு ஹோசோதா அதன் வழியில் எடுத்த படமும் இளமையின் ஒரு கணத்தைப் பற்றிக்கொள்ளத் துடிப்பவை. ‘இனுயாஷா’வில் காலம் புதிர் இல்லை, வழக்கமான பாதை. ககோமே பெரிய மஞ்சள் முதுகுப்பை நிறைய மருந்து, பாடப்புத்தகம், உடனடி நூடுல்ஸ் எல்லாம் அடைத்துக்கொண்டு, மிதிவண்டியையும் தூக்கிக்கொண்டு கிணற்றில் குதிக்கிறாள். பள்ளியில் தாத்தா அவளுக்கு விதவிதமான நோய்களைக் கற்பித்து விடுப்புச் சொல்கிறார். அதை நம்பிய ஹோஜோ என்ற பையன் உடம்புக்கு நல்லது என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறான். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்குகிறது. கிணற்றிலிருந்து இனுயாஷா தலையை நீட்டி, “வா, போகலாம்” என்று அவசரப்படுத்துகிறான். அவள் கணக்குப் பாடம் முடியாமல் வர மறுக்கிறாள். இந்தக் காட்சிகளை வெறும் சிரிப்புக்கானவை என்று ஒதுக்கினால் தொடரையே தவறவிட்டுவிடுவோம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே, சொந்த ஊருக்கும் பிழைப்பு ஊருக்கும் நடுவே பிளவுபட்ட வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை, ஒரு சொல் தத்துவம் பேசாமல், ஒரு மிதிவண்டியும் முதுகுப்பையும் கொண்டு இத்தொடர் சொல்லிவிடுகிறது.

தகஹாஷிக்குக் காலமுரண்களைக் கையாளத் தெரியாது என்று நினைப்பவர்கள் அவருடைய ‘ஃபயர் டிரிப்பர்’ கதையைப் பார்க்க வேண்டும். 1983இல் எழுதிய குறுங்கதை அது. 1985இல் அனிமேயாகவும் வந்தது. எரிவாயு வெடிப்பில் சிக்கிய பள்ளி மாணவி போர்க்காலத்தில் போய் விழுகிறாள். கூடவே இருந்த அண்டைவீட்டுச் சிறுவனைக் காணவில்லை. கதையின் முடிவில், அவள் பிறந்ததே அந்தப் பழைய காலத்தில்தான் என்பதும், அங்கே அவளைக் காத்த முரட்டு இளைஞன்தான் அந்தச் சிறுவன் என்பதும் வெளிப்படுகிறது. ஒரு நூல்கூடப் பிரியாத வட்டம். அப்படி இறுக்கிப் பின்னத் தெரிந்தவர்தான், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அதே போர்க்காலத்துக்கு இன்னொரு பள்ளி மாணவியை அனுப்பும்போது, வேண்டுமென்றே முடிச்சுகளைத் தளர்த்திவிட்டார். வட்டத்துக்குள் மனிதர் அடைபட்டுப்போவார்கள். கிணற்றில் போகவும் வரவும் இடமிருக்கிறது.

ஆனால் தளர்த்திய முடிச்சுக்கும் ஒரு விலை உண்டு. தொடக்கப் பகுதிகளில் டோக்கியோவிலேயே நடக்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கதையின் மையமாக இருக்கும் நான்கு ஆன்மாக்களின் மணி உடைந்து சில்லுகளாகச் சிதறியபின், அவற்றில் ஒன்று புதைந்த மரத்திலிருந்து செதுக்கிய நோ நாடக முகமூடி ஒன்று, நூற்றாண்டுகள் தாண்டி ககோமேயின் காலத்தில் மனித உடலைத் தேடி அலைகிறது. அது வெல்லப்பட்டபின் ககோமே சில்லை எடுத்துக்கொண்டு கிணறு வழியாகப் பழைய காலத்துக்குப் போகிறாள். நுணுக்கமாகப் பார்ப்பவர் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தச் சில்லு ஐந்நூறு ஆண்டுகளை மெதுவாகக் கடந்து இந்தக் காலத்துக்கு வந்தது என்றால், பழைய காலத்தில் அது இன்னும் எங்கோ ஒரு மரத்துக்குள் இருந்தாக வேண்டும். அவள் கையில் ஒன்று, மரத்தில் ஒன்று. தவிர, எல்லாச் சில்லுகளும் அந்தக் காலத்திலேயே ஒன்றுசேர்ந்து மணி முழுமையாகிவிடுகிறது என்பது கதையின் முடிவு. அப்படியானால் முகமூடிக்குள் இருந்தது எது? தொடர் இதற்கு விடை சொல்வதில்லை, கேள்வியையே எழுப்புவதில்லை. தளர்ச்சி என்பது வேறு, கவனக்குறைவு என்பது வேறு. இது இரண்டாவது வகை.

அதே டோக்கியோவில் நடக்கும் இன்னொரு கதை இந்தக் குறைக்கு ஈடுகட்டிவிடுகிறது. தீவிபத்தில் இறந்துபோன மாயு என்ற சிறுமியின் ஆவி, தாய் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்ற கோபத்தில் தம்பியை வதைக்கிறது. குழந்தைகளின் ஆவிகளோடு குழலூதித் திரியும் ததாரிமொக்கே என்ற யோகாய் அவளைச் சுற்றி வருகிறது. ஆவி அமைதி அடையாவிட்டால் அதன் மூடிய கண்கள் திறந்துவிடும். பிறகு அது குழந்தையை நரகத்துக்கு இழுத்துப் போய்விடும். மகள் வீட்டுக்குள் ஒளிந்திருந்தது தாய்க்குத் தெரியாது என்ற உண்மையை அந்தச் சிறுமிக்குப் புரியவைப்பதற்காக ககோமே உயிரைப் பணயம் வைக்கிறாள். வாளும் இல்லை, போரும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களும் மருத்துவமனையும் இருக்கும் நம் காலத்துக்குள் பழைய உலகம் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டுவதற்கு இருபத்துச் சொச்சம் நிமிடம் போதுமாக இருக்கிறது. கிணறு என்ற கற்பனையின் முழு வாய்ப்பும் இங்கே திறந்து கிடந்தது. பரிதாபம் என்னவென்றால், தொடர் இந்த வழியில் மேலும் போகவில்லை. பிற்பகுதிகளில் டோக்கியோ என்பது தேர்வும் தோழியர் அரட்டையும் மட்டுமாகச் சுருங்கி, பிறகு வெகுநாள் காணாமலே போய்விடுகிறது.

பெயர்களில் தகஹாஷி காட்டும் அக்கறையையும் சொல்ல வேண்டும். நான்கு ஆன்மாக்களின் மணி என்பது ஷிந்தோ சிந்தனையிலிருந்து வருவது. மனித ஆன்மாவில் வீரம், நட்பு, அறிவு, அன்பு என்ற நான்கு ஆன்மாக்கள் உண்டென்றும், அவை சமநிலையில் இருக்க வேண்டும் என்றும் அந்த மரபு சொல்கிறது. மிதோரிகோ என்ற பூசாரிப் பெண் ஏழு பகல் ஏழு இரவு யோகாய்களோடு போரிட்டு, தன் ஆன்மாவையும் எதிரியின் ஆன்மாவையும் ஒன்றாக வெளித்தள்ளியபோது பிறந்ததே அந்த மணி. அதற்குள் போர் இன்னும் முடியவில்லை. துறவியான மிரோகுவின் பெயர், வரவிருக்கும் புத்தராகிய மைத்ரேயரின் ஜப்பானியப் பெயர். வில்லனின் பெயர் நரகு. தமிழ் வாசகருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நாம் வழங்கும் ‘நரகம்’ என்ற அதே சமஸ்கிருதச் சொல் பௌத்தத்தின் வழியே சீனம் போய் ஜப்பான் சேர்ந்து ‘நரகு’ ஆயிற்று. காபுகி நாடகமேடைக்கு அடியில் இருக்கும் இருண்ட குழிக்கும் அங்கே அதே பெயர். திரைக்குப் பின்னால் நின்று எல்லோரையும் பொம்மையாய் ஆட்டும் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இவர்கள் அனைவரையும் பிணைப்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு துரோகம். மணியைக் காத்த பூசாரிப் பெண் கிக்யோவும் பாதி யோகாயான இனுயாஷாவும் காதலித்தார்கள். தீக்காயங்களோடு குகையில் கிடந்த ஓநிகுமோ என்ற கொள்ளையன், கிக்யோமேல் கொண்ட ஆசையால், எண்ணற்ற யோகாய்களுக்குத் தன் உடலைத் தின்னக் கொடுத்தான். அந்தக் கலவையிலிருந்து பிறந்த நரகு, இருவரின் உருவையும் எடுத்து ஒருவரை ஒருவர் பகைக்க வைத்தான். காதலி எய்த அம்பில் இனுயாஷா மரத்தோடு உறைந்தான். அவள் இறந்து மணியோடு எரிக்கப்பட்டாள். அந்த மணி ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ககோமேயின் உடலுக்குள் வந்து பிறந்தது. அதாவது ககோமே கிக்யோவின் மறுபிறவி. பிறகு ஒரு சூனியக்காரி எலும்பும் மண்ணும் கொண்டு கிக்யோவையும் எழுப்பிவிடுகிறாள். முற்பிறவியும் மறுபிறவியும் நேருக்கு நேர் நிற்கும் இந்த ஏற்பாடு காலப்பயணத்தால் மட்டுமே சாத்தியம். மறுபிறவிக் கதைகளை நாம் எத்தனையோ கேட்டிருக்கிறோம். முன்னால் இருந்தவள் உயிரோடு வந்து எதிரே நின்று, “அந்த இடம் என்னுடையது” என்று பார்வையாலேயே சொல்வதை அரிதாகத்தான் பார்க்கிறோம்.

தொடரின் ஆகச்சிறந்த பகுதி என்று நான் நினைப்பது 48ஆவது பகுதி. இனுயாஷாவையும் கிக்யோவையும் ஒன்றாகக் கண்ட ககோமே, ஒன்றும் சொல்லாமல் கிணறு வழியாக வீடு திரும்புகிறாள். தன் காலத்துப் புனித மரத்தின் முன் நிற்கிறாள். அதன் பட்டையில் ஒரு வடு. இனுயாஷாவை அம்பு தைத்திருந்த இடம். இந்த நகரத்தில் அதன் பொருள் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவனைக் கிக்யோவிடமிருந்து பிரிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டே, அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற தன் விருப்பத்தையும் அவள் ஒப்புக்கொள்கிறாள். பதினைந்து வயதுப் பெண்ணின் முடிவை இவ்வளவு நிதானமாக, ஒரு எதிரியும் இல்லாமல், ஒரு மரத்தையும் ஒரு கிணற்றையும் மட்டும் வைத்துச் சொன்ன துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். கௌரு வாதாவின் இசை இந்த இடங்களில் எவ்வளவோ செய்கிறது. ‘காட்ஸில்லா’ படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபேயின் மாணவர் அவர். மேலைநாட்டு வாத்தியக்குழுவோடு ஜப்பானிய மரபுக் கருவிகளையும் கலந்து அவர் எழுதிய இசை, இரண்டு காலங்களைத் தானே இணைத்துவிடுகிறது.

பெண் பாத்திரங்களில்தான் தொடரின் கனம் இருக்கிறது. யோகாய் வேட்டைக் குலத்தில் பிறந்த சாங்கோ, நரகின் பிடியில் சிக்கிய தன் தம்பி கோஹாகுவின் கையாலேயே தந்தையும் தோழரும் சாவதைக் கண்டவள். தம்பியின் உயிரைத் தாங்கி நிற்பது அவன் முதுகில் பதிந்த ஒரு மணிச் சில்லு. அதை எடுத்தால் அவன் இறப்பான்; விட்டால் எதிரியின் கருவியாக இருப்பான். நரகின் உடலிலிருந்தே பிறந்த காகுராவுக்குக் காற்றை ஆளத் தெரியும். ஆனால் அவளுடைய இதயம் நரகின் கையில். அவள் விரும்பியது காற்றைப் போலச் சுதந்திரமாக இருப்பது ஒன்றைத்தான். இனுயாஷாவின் அண்ணன் செஷ்ஷோமாரு, மனிதரை இகழ்ந்தவன், கொள்ளையரிடம் குடும்பத்தையே இழந்த ரின் என்ற சிறுமியால் சிறிது சிறிதாக மாறுவதையும் தொடர் அவசரமின்றிக் காட்டுகிறது. அவனிடம் இருப்பது கொல்லும் வாள் அல்ல, இறந்தோரை எழுப்பும் வாள். அதை அவன் முதலில் பயன்படுத்தியது ஓநாய்கள் கடித்துக் கொன்ற அந்தச் சிறுமிக்காக.

இவ்வளவு இருந்தும் தொடர் ஏன் பலரைப் பாதிவழியில் இறக்கிவிடுகிறது? முதல் காரணம் உற்பத்தி முறை. வாரந்தோறும் ஒளிபரப்பாகும் அனிமே, வாரந்தோறும் வெளிவரும் மாங்காவைத் துரத்துகிறது. மாங்காவுக்கு நான்கு ஆண்டு முன்னிலை இருந்தும் அந்த இடைவெளி கரைந்துகொண்டே வந்தது. கரையாமல் தடுக்க, மூலத்தில் இல்லாத கதைகளை இடையில் செருகினார்கள். ஊருக்குப் போகிறார்கள், ஊரில் ஒரு யோகாய், அது சில்லை வைத்திருக்கிறது, வெட்டுகிறார்கள், கிளம்புகிறார்கள். இந்த அச்சில் வார்த்த பகுதிகள் தொடரின் நடுவே வரிசையாக நிற்கின்றன. நரகும் ஒவ்வொரு முறையும் நச்சுப்புகை கிளப்பி மறைந்துவிடுகிறான். அவன் தப்புவது ஒருமுறை பயமூட்டுகிறது, மூன்றாம் முறை எரிச்சலூட்டுகிறது, பத்தாம் முறை எந்த உணர்ச்சியும் எழுவதில்லை.

நடுப்பகுதி முழுவதையும் ஒதுக்கிவிட முடியாது. ஹகுரேய் மலைக் கதை என் வாதத்துக்கே விலக்கு. அங்கே கிணறும் இல்லை, டோக்கியோவும் இல்லை. ஊர்மக்களின் நன்மைக்காக உயிரோடு புதையுண்டு, உடல் கெடாத புத்தராகிவிட முனைந்த ஹகுஷின் என்ற துறவி, குழிக்குள் இருந்தபோது சாவுக்கு அஞ்சிவிட்டார். அந்த அச்சத்தை நரகு பயன்படுத்திக்கொண்டான். ஜப்பானின் வடகிழக்கில், யமகதா பகுதியில், துறவிகள் இப்படித் தம்மைத் தாமே சமாதியாக்கிக்கொண்ட வழக்கம் மெய்யாகவே இருந்தது. அவர்களின் உடல்கள் இன்றும் சில கோயில்களில் வணங்கப்படுகின்றன. மக்கள் கொண்டாடும் ஒரு தியாகிக்குள் ஒளிந்திருந்த அந்தக் கடைசி நேரத்து நடுக்கத்தைக் கிக்யோ கண்டு, அஞ்சியது குற்றமில்லை என்று ஆறுதல் தந்து அவரை விடுவிக்கும் காட்சி, முழுத் தொடரிலும் முதிர்ச்சி மிக்க எழுத்து.

இரண்டாவது காரணம் கணக்கிலேயே தெரிகிறது. முதல் தொடர் ஏறத்தாழ 35 தொகுதிகளை 167 பகுதிகளில் சொன்னது. மிச்சமிருந்த சுமார் 20 தொகுதிகளை ‘இறுதி அங்கம்’ 26 பகுதிகளில் முடித்தது. முன்னதில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய ஐந்து பகுதி. பின்னதில் ஒன்றுக்குச் சற்று மேல். ஐந்தாண்டு காத்திருந்த ரசிகருக்குக் கிடைத்தது மூச்சுவிட நேரமில்லாத ஓட்டம். காகுராவின் சாவு இரண்டாம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. பூக்கள் நிறைந்த வெளியில் அவள் தனியே சாய்ந்து கிடக்க, செஷ்ஷோமாரு வந்து நிற்கிறான். அவன் வாளால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் காற்றாகக் கலைகிறாள். காட்சி அழகானதுதான். ஆனால் அதை நோக்கி மாங்கா படிப்படியாகக் கட்டியெழுப்பிய தயக்கங்களும் சதிகளும் வெட்டப்பட்டுவிட்டன. உபரிக் கதைகளுக்குத் தாராளமாகக் கிடைத்த நேரம், சாக வேண்டியவர்களுக்கு மறுக்கப்பட்டது. இதை நான் தொடரின் மிகப் பெரிய அநீதி என்பேன்.

மூன்றாவது குறை வரலாறு. செங்கோகு என்பது 1467இல் கியோத்தோவில் ஓனின் போர் மூண்டதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டு போல நீடித்த உள்நாட்டுப் போர்க்காலம். கொள்ளை, பஞ்சம், எரிந்த ஊர்கள், அனாதைக் குழந்தைகள் எல்லாம் தொடரின் பின்னணியில் வருகின்றன. ரின்னின் வாழ்க்கையே அதற்குச் சான்று. ஆயினும் இந்தக் குலம் ஏன் அந்தக் குலத்தோடு மோதுகிறது, உழவர் என்ன வரி கட்டினார்கள், ககோமே பாடப்புத்தகத்தில் படித்த காலம் தன் கண்முன் நடப்பதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதையெல்லாம் தொடர் தொடவே இல்லை. ஒரே ஒருமுறை தொட்டது. தவளை யோகாய் பிடித்த ஒரு சிற்றரசனின் கோட்டைக்குப் போகும் வழியில் நொபுனாகா என்ற இளைஞனைச் சந்திக்கிறார்கள். ஓதா நொபுனாகாவையே பார்த்துவிட்டோம் என்று ககோமே துள்ளுகிறாள். அவனோ தகேதா குலத்தைச் சேர்ந்த அமாரி நொபுனாகா. அவனோடு இருக்கும் குரங்கின் பெயர் ஹியோஷிமாரு. பின்னாளில் ஜப்பானை ஒன்றிணைத்த தொயோதோமி ஹிதேயோஷியின் இளமைப் பெயர் என்று மரபு சொல்வது அதையே. வரலாறு படித்த ஜப்பானியக் குழந்தை அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கும். படித்ததையும் பார்ப்பதையும் உரசவிட்ட அந்தச் சிறு பொறியைத் தொடர் பிறகு வளர்க்கவே இல்லை. எதிர்காலத்திலிருந்து வந்தவளுக்கு இறந்தகாலம் பற்றித் தெரிந்திருக்கிறது என்ற ஒன்றுதான் காலப்பயணக் கதையின் தனி ஆயுதம். ககோமே அதை உறையிலிருந்து எடுத்ததே இல்லை.

மிரோகு பார்க்கும் பெண்களையெல்லாம் அனுமதியின்றித் தொடுவதும், அதைத் தொடர் ஓயாத நகைச்சுவையாக வைப்பதும் இன்று சகிக்கக்கூடியதாக இல்லை. அன்றும் சகித்திருக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வரும் சாபத்தைக் கையில் சுமந்து, எந்த நாளும் அந்தக் கையே தன்னை விழுங்கிவிடலாம் என்று வாழும் ஒரு மனிதனின் துயரத்தை அந்த மலிவான சிரிப்பு கெடுத்துவிடுகிறது.

முடிவுக்கு வருவோம். மணியின் இருளுக்குள் ககோமே தனியே அடைபடுகிறாள். உயர்நிலைப் பள்ளியின் முதல் நாள், தோழியர், வீடு எல்லாம் மாயையாக அவள்முன் தோன்றுகின்றன. வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கும்படி மணி தூண்டுகிறது. கேட்டிருந்தால் அதன் முடிவற்ற போருக்குள் அவளும் சிக்கியிருப்பாள். அவள் இனுயாஷா வரும்வரை காத்திருந்து, மணி என்றென்றைக்கும் மறையட்டும் என்று வேண்டுகிறாள். கிணறு மூடிக்கொள்கிறது. மூன்று ஆண்டுகள் அது வெறும் கிணறாகவே இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த ககோமே ஒருநாள் அதன் விளிம்பில் நின்று குனிகிறாள். அடியில் வானம் தெரிகிறது. தாய் வந்து பக்கத்தில் நிற்கிறாள். ஒரு வார்த்தைக்கும் தேவையில்லாமல் இருவருக்கும் புரிந்துவிடுகிறது. ககோமே குதிக்கிறாள். இந்த முறை திரும்பிவர வழியில்லை.

தாயின் அந்த மௌனம் என்னை ஒவ்வொரு முறையும் கலங்கடிக்கிறது. ஆனால் கலக்கம் அடங்கியபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மூன்றாண்டு இடைவெளியில் இவள் என்ன ஆக விரும்பினாள்? எந்தப் பாடம் பிடித்தது? இனுயாஷா இல்லாத ஒரு வாழ்க்கையை ஒருநாளாவது கற்பனை செய்து பார்த்தாளா? 193 பகுதிகளில் இதற்கு விடை இல்லை. அவள் துறப்பது இன்னதென்று நமக்குத் தெரிந்திருந்தால் அந்தத் துறவு இன்னும் கனத்திருக்கும். டோக்கியோவை வெறும் தேர்வறையாகச் சுருக்கியதன் விளைவு கடைசியில் வந்து இங்கே விடிகிறது.

2020 அக்டோபரில் தொடங்கி 2022 மார்ச்சில் முடிந்த ‘யாஷாஹிமே’ இதன் தொடர்ச்சி. அடுத்த தலைமுறைப் பெண்கள் மூவரின் கதை. பழைய அனிமேக்குத் திரைக்கதை எழுதிய கத்ஸுயுகி சுமிசாவாவே இதையும் எழுதினார். பாத்திர உருவங்களைத் தகஹாஷி வரைந்தார். ககோமேயின் தம்பி சோதாவின் வீட்டில் இந்தக் காலத்தில் வளர்ந்த தோவா என்ற பெண், பழைய காலத்தில் தொலைத்த இரட்டைத் தங்கையைச் சந்தித்து, அவளோடு அந்தக் காலத்துக்கே திரும்புகிறாள். கருத்து அருமையானது. ஆனால் அந்தப் புனித மரத்துக்கே குரல் கொடுத்து, காலத்தின் நெசவை அது வாய்விட்டு விளக்கத் தொடங்கியதும், கிணற்றுக்கு இருந்த மர்மம் போய்விட்டது. முதல் தொடர் ஏன் கிணறு திறந்தது என்று விளக்காமலே நம்மை நம்ப வைத்தது. இரண்டாவது விளக்கிக்கொண்டே இருந்து நம்பிக்கையைக் கரைத்தது.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் ‘ஃபயர் டிரிப்பர்’ பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ‘இனுயாஷா’வின் முதல் 48 பகுதிகளை வரிசை மாறாமல், ஜப்பானிய மொழியிலேயே பாருங்கள். அதற்குப் பின் ஹகுரேய் மலைக் கதை, கடைசியாக ‘இறுதி அங்கம்’. நடுவில் விட்டவற்றுக்காக வருந்த வேண்டாம். ‘இறுதி அங்கம்’ முடித்தவுடன் மாங்காவின் 36ஆம் தொகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். காகுராவுக்குச் சேர வேண்டிய நேரம் அங்கே இருக்கிறது.